அறைக்குள் நிற்கிற எல்லோருக்கும் பேட்ஜ் வேண்டும்

மருத்துவ இயக்குநர் ஐயாவுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும்,

சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, ஓ.டி. (ஆபரேஷன் தியேட்டர்) உடை மாற்றும் அறைக் கதவில் ஒரு சர்க்குலர் ஒட்டியிருந்தது. நாலே வரி. அடுத்த காலாண்டிலிருந்து உடம்பில் படும் கதிர்வீச்சை அளக்கிற டி.எல்.டி. பேட்ஜ் நிரந்தரப் பணியாளர்களுக்கு மட்டும்தான், ஏஜென்சி மூலம் வந்தவர்கள் சனிக்கிழமைக்குள் தங்கள் பேட்ஜைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்றது. சனிக்கிழமை மதியம் சூப்பர்வைசர் ஒரு பழைய ஸ்வீட் டப்பாவோடு வந்தார். பதினொரு பேர் ஒவ்வொருவராகச் சட்டையிலிருந்து கழற்றி அதற்குள் போட்டார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் அடுத்த மாதம் டூட்டி லிஸ்டில் பெயர் இருக்காது என்பது அவர்களுக்குத் தெரியும்.

நான் இந்த மருத்துவமனையில் பதினேழு வருடமாக ஓ.டி. டெக்னீஷியன். என் பேட்ஜ் என்னிடமே இருக்கிறது. அதனால்தான் நான் எழுதுகிறேன்.

இதே விஷயத்தை ஆங்கிலத்தில் இரண்டு முறை எழுதிக் கொடுத்துவிட்டேன். முதல் கடிதத்துக்குப் பதில் இல்லை. இரண்டாவது கடிதம் ஓரத்தில் 'பார்த்தேன்' என்கிற ஒரு கையெழுத்தோடு என் மேஜைக்கே திரும்பி வந்தது. பேட்ஜைக் கொடுத்த பதினொரு பேரில் எட்டு பேர் ஸ்ரீராமபுரம், அல்சூர், லிங்கராஜபுரம் பக்கத்துத் தமிழர்கள். தங்களைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று அவர்களே படிக்கட்டும் என்றுதான் இந்த முறை தமிழில் எழுதுகிறேன். நீங்களும் ரவுண்ட்ஸ் வரும்போது எங்களிடம் தமிழில்தான் பேசுகிறீர்கள்.

இரண்டாம் எண் ஓ.டி.யில் நடப்பதை முதலில் சொல்கிறேன். வண்டியில் விழுந்து தொடை எலும்பு முறிந்து வருகிறார் ஒருவர். கம்பி போடுவதற்கு முன் எலும்பை நேர்படுத்த வேண்டும். கால்மாட்டில் நின்று இழுத்துப் பிடிப்பவர் வார்டு பாய் அண்ணன். அவருக்கு 52 வயது. இங்கே ஒன்பது வருடமாக இருக்கிறார், ஒன்பது வருடமும் ஏஜென்சி கணக்கில்தான். சர்ஜன் 'ஷூட்' என்றதும் நான் சி-ஆர்ம் என்கிற எக்ஸ்-ரே இயந்திரத்தின் பெடலை அழுத்துகிறேன். கொஞ்சம் திருப்பச் சொல்கிறார், மறுபடி 'ஷூட்'. கடினமான கேஸ் என்றால் எத்தனை முறை அழுத்தினேன் என்று எனக்கே கணக்கு தெரியாது.

சி-ஆர்மிலிருந்து வரும் கதிர் நோயாளியின் உடம்பில் பட்டு நாலாபக்கமும் சிதறுகிறது. அறையில் நிற்பவர்களுக்குப் படுவது பெரும்பாலும் இந்தச் சிதறல்தான். ஒரு மீட்டர் தூரத்தில் படுவதில் கால் பங்குதான் இரண்டு மீட்டரில் படும். நான் பெடலின் ஒயர் நீளம் போகிற அளவுக்குத் தள்ளி நிற்கலாம். சர்ஜன் ஒரு எட்டு பின்னால் வைக்கலாம். மயக்க மருந்து டாக்டர் திரைக்குப் பின்னால் போகலாம். காலைப் பிடித்துக்கொண்டிருப்பவர் எங்கே போவார்? பிடியை விட்டால் எலும்பு மறுபடி விலகிவிடும். அறையிலேயே கதிருக்கு மிக அருகில், மிக நேரம் நிற்பவர் அவர். இன்று அந்த அறையில் பேட்ஜ் இல்லாதவரும் அவர்தான்.

பேட்ஜ் ஒன்றும் கவசம் கிடையாது, அது எனக்கும் தெரியும். விரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் உறை, உள்ளே உலோகத் தகட்டில் மூன்று சின்ன வில்லைகள். கால்சியம் சல்பேட்டில் துளி டிஸ்புரோசியம் சேர்த்து, டெஃப்லானோடு அழுத்திச் செய்த வில்லைகள் அவை. பட்ட கதிரின் ஆற்றலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மூன்று மாதம் கழித்து ஆய்வகத்தில் சூடாக்கினால் அதை ஒளியாக வெளியே விடும். அந்த ஒளியை அளந்துதான் இன்னாருக்கு இவ்வளவு என்று எழுதுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு தனி எண் உண்டு, வேலை மாறினாலும் ஊர் மாறினாலும் அதே எண்தான். ஒரு தொழிலாளி தன் வாழ்நாளில் வாங்கிய கதிர் முழுவதற்கும் இருக்கிற ஒரே சாட்சி அது. அந்தச் சாட்சியைத்தான் ஸ்வீட் டப்பாவில் வாங்கிப் போனார்கள்.

கதிர்வீச்சால் வருகிற நோய் தொழில்நோய்தான் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலேயே சொல்லிவிட்டார்கள். ஆனால் பத்து வருடம் கழித்து அந்த அண்ணன் ஒரு நோயோடு வந்து நின்றால், நான் இந்த அறையில் நின்றேன் என்று எதைக் காட்டுவார்? சம்பளச் சீட்டு ஏஜென்சி பெயரில் இருக்கிறது. அளவுப் பதிவு இல்லை. இந்த அறையில் நின்றதை நிரூபிக்கச் சொல்வது அவரைத்தான்.

எச்.ஆர். அலுவலகத்தில் நேரில் கேட்டபோது இரண்டு பதில்கள் கிடைத்தன. ஒப்பந்தப் பணியாளர்கள் 'ரேடியேஷன் ஒர்க்கர்' பட்டியலில் வரமாட்டார்கள், அவர்கள் ஏஜென்சியின் பொறுப்பு என்பது ஒன்று. அந்தப் பட்டியல் யாருக்காக இருக்கிறது என்று பார்ப்போம். இந்தியாவில் இதற்கெல்லாம் மேற்பார்வை 1983இல் அமைக்கப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். கதிர்வீச்சில் வேலை செய்பவருக்கு ஐந்து வருடச் சராசரியில் வருடத்துக்கு 20 மில்லிசீவர்ட் (உடம்பில் படும் கதிரின் அலகு), எந்த ஒரு வருடத்திலும் 30க்கு மேல் போகக் கூடாது என்பது அதன் வரம்பு. பொதுமக்களுக்கு வருடத்துக்கு 1 மில்லிசீவர்ட்தான். வார்டு பாய் அண்ணன் கதிர்வீச்சுப் பணியாளர் இல்லையென்றால் அவர் பொதுமக்களில் ஒருவர். அப்படியானால் சி-ஆர்ம் ஓடும்போது அவரைக் கால்மாட்டில் நிறுத்தவே கூடாது. நிறுத்தியே ஆக வேண்டும் என்றால் அவர் பணியாளர்தான், பேட்ஜும் பயிற்சியும் மருத்துவப் பரிசோதனையும் அவருக்குச் சேர வேண்டியவை. இரண்டில் எது என்று நிர்வாகம் சொல்லட்டும். வேலை வாங்கும்போது பணியாளர், கணக்கு எழுதும்போது வெளியாள் என்று ஒரே மனிதரை இரண்டாக வைத்துக்கொள்ள முடியாது ஐயா.

இன்னொரு பதில், எப்படியும் எல்லா பேட்ஜிலும் பூஜ்யம்தானே வருகிறது, எதற்கு வீண் செலவு என்பது. அந்தப் பூஜ்யம் எப்படி வருகிறது என்று நான் சொல்கிறேன். எங்கள் உடை மாற்றும் அறையில் கதவுக்குப் பின்னால் கொக்கிகள் இருக்கின்றன. எந்த நாள் வேண்டுமானாலும் வந்து பாருங்கள், அறுவை நடந்துகொண்டிருக்கும்போதே நாலைந்து பேட்ஜ் அங்கே தொங்கும். அவற்றில் மருத்துவர்களுடையதும் உண்டு. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மூத்தவர், "அளவு ஏறிச்சுன்னா ஆயிரம் கேள்வி வரும்மா, உன்னைத் தூக்கி வேற டிபார்ட்மெண்ட்ல போட்டுருவாங்க, கழட்டி வெச்சுட்டுப் போ" என்றார். நான் நம்பினேன். இரண்டு வருடம் அப்படியே செய்தேன். அந்த இரண்டு வருடத்தில் என் உடம்பில் எவ்வளவு பட்டது என்று இனி எந்த ஆய்வகத்தாலும் சொல்ல முடியாது. என் மகள் அந்தக் காலத்தில்தான் வயிற்றில் இருந்தாள். நன்றாக இருக்கிறாள். ஆனாலும் அவளுக்குக் காய்ச்சல் வரும் ஒவ்வொரு முறையும் எனக்கு அந்தக் கொக்கி ஞாபகம் வரும்.

கன்ட்ரோல் பேட்ஜ் விஷயமும் இருக்கிறது. யாரும் அணியாமல், கதிரே இல்லாத இடத்தில் தனியாக வைக்க வேண்டிய பேட்ஜ் அது. இயற்கையாக இருக்கிற கதிர் எவ்வளவு என்று அதில் பார்த்து, மற்றவர்கள் அளவிலிருந்து கழிப்பார்கள். நம் கன்ட்ரோல் பேட்ஜை சென்ற டிசம்பரில் சி-ஆர்ம் நிற்கிற அறையின் அலமாரியில், பிளாஸ்திரி உருளைகளுக்கு நடுவே நான் கண்டெடுத்தேன். எத்தனை மாதம் அங்கே கிடந்ததோ. கழிக்க வேண்டிய பேட்ஜிலேயே கதிர் ஏறினால் எல்லோருடைய அளவும் குறைந்துதான் காட்டும். அந்த அறிக்கையை வைத்துக்கொண்டுதான் பூஜ்யம் என்கிறீர்கள்.

கதிரைத் தடுக்கும் லெட் (ஈய) ஏப்ரன்கள் நான்கு இருக்கின்றன. பெரிய அறுவையில் ஆறு பேர், சில சமயம் ஏழு பேர் நிற்கிறோம். ஏப்ரனை ஹேங்கரில் தொங்கவிட வேண்டும், மடித்தால் உள்ளே ஈயம் விரிசல் விட்டுவிடும் என்பது இந்த வேலையில் முதல் நாள் சொல்லித்தரும் பாடம். நம்மிடம் ஹேங்கர் இரண்டுதான். மற்ற இரண்டும் ஸ்டூலில் மடித்துக் கிடக்கும். போன பொங்கல் சமயத்தில் ஓ.டி. காலியாக இருந்த ஒரு மதியம், அந்த இரண்டையும் டேபிளில் விரித்து சி-ஆர்மில் பார்த்தேன். ஒன்றில் இடுப்புப் பக்கம் கை அகலத்துக்கு ஒரு கோடு, அதிலிருந்து கிளை கிளையாக வேறு கோடுகள். வறண்ட ஏரியின் தரை மாதிரி இருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் அந்த ஏப்ரனில் ஒரு கீறல் தெரியாது. படத்தை அச்செடுத்துக் கடிதத்தோடு இணைத்திருந்தேன். அந்த ஏப்ரனை இன்று காலையும் ஒரு பயிற்சி மாணவர் போட்டுக்கொண்டு நின்றார். கழுத்துக்குப் போடும் தைராய்டு கவசம் இரண்டு. ஈயக் கண்ணாடி ஒன்று. கண் வில்லைக்கான வரம்பை வருடத்துக்கு 150 மில்லிசீவர்ட்டிலிருந்து 20ஆகக் குறைக்கச் சொல்லி சர்வதேச கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் 2011இலேயே பரிந்துரைத்தது. முன்பு நினைத்ததைவிடக் குறைந்த அளவிலேயே கண்ணில் புரை விழுகிறது என்று தெரிந்த பிறகு எடுத்த முடிவு அது.

எக்ஸ்-ரே கண்டுபிடிக்கப்பட்டது 1895இல். ஒன்பதே வருடத்தில், 1904இல், எடிசனின் ஆய்வுக்கூட உதவியாளராக இருந்த கிளாரன்ஸ் டாலி அந்தக் கதிரால் வந்த புற்றுநோயில் இரண்டு கைகளையும் இழந்து இறந்துபோனார். எக்ஸ்-ரே குழாய்களை நாள்தோறும் தன் கையை நீட்டிச் சோதித்துப் பார்த்தவர் அவர். அவருக்கு நேர்ந்ததைப் பார்த்து எடிசன் அந்த வேலையையே விட்டுவிட்டார். ஜெர்மனியில் ஹாம்பர்க் நகர மருத்துவமனை ஒன்றில், கதிரால் உயிரிழந்தவர்களுக்காக 1936இல் ஒரு நினைவுக்கல் வைத்தார்கள். மருத்துவர்கள், இயற்பியலாளர்களோடு டெக்னீஷியன்களையும் செவிலியர்களையும் அந்தக் கல் சேர்த்தே சொல்கிறது. தொண்ணூறு வருடத்துக்கு முன்பு அங்கே செய்த கணக்கில் விடுபடாதவர்கள் நம் கணக்கில் விடுபடுகிறார்கள்.

கதிருக்காவது பேட்ஜ் என்று ஒன்று இருக்கிறது. இரண்டாம் மாடியில் எண்டோஸ்கோபி ஸ்கோப் (வயிற்றுக்குள் விட்டுப் பார்க்கும் குழாய்) கழுவும் அறைக்கு அதுவும் கிடையாது. புதுப்பிக்கும் வேலை நடந்தபோது அந்த அறையைப் பழைய துணி ஸ்டோருக்கு மாற்றினீர்கள். ஜன்னல் கிடையாது. அங்கே ஒரு அக்கா காலை எட்டு மணியிலிருந்து ஸ்கோப் கழுவுகிறார். குளூட்டரால்டிஹைடு என்கிற கிருமிநாசினியின் இரண்டு சதவீதக் கரைசல் ஊற்றிய நீளமான ட்ரே. ஒவ்வொரு ஸ்கோப்பும் 20 நிமிடம் ஊற வேண்டும். ட்ரேயின் மூடி போன வருடம் உடைந்தது, இன்னும் வரவில்லை. மேலே ஒரு பச்சைத் துணியைப் போட்டு மூடிவைக்கிறார்.

அறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறது என்பீர்கள். இருக்கிறது, கூரையை ஒட்டி. இந்த ஆவி காற்றைவிடக் கனமானது, ட்ரேயைச் சுற்றிக் கீழேயே தங்கும். மேலே ஃபேனைப் போட்டால் ட்ரேக்கும் ஃபேனுக்கும் நடுவே இருக்கிற அக்காவின் மூக்கு வழியாகத்தான் அது ஏறிப் போகும். உறிஞ்சி ட்ரேயின் விளிம்பிலேயே இருக்க வேண்டும். இந்த ரசாயனத்துக்கு அமெரிக்கத் தொழில் சுகாதார நிபுணர்கள் அமைப்பு வைத்திருக்கும் உச்ச வரம்பு, காற்றில் பத்து லட்சத்தில் 0.05 பங்கு. ஒரு நிமிடம்கூட அதைத் தாண்டக் கூடாது. வாடை மூக்குக்குத் தெரிகிறது என்றாலே கிட்டத்தட்ட அந்த அளவை நெருங்கிவிட்டது என்று அர்த்தம். அந்த அறையின் வாடை லிஃப்ட் வரைக்கும் வருகிறது.

அக்காவின் விரல் நுனிகள் மருதாணி மங்கிப்போன மாதிரிப் பழுப்பாக இருக்கும். அது மருதாணி இல்லை. கொடுக்கிற லேடெக்ஸ் கையுறை மெல்லிசு, அதன் வழியே ஊறிப்போகிறது. நைட்ரைல் கையுறை கேட்டால் ஸ்டோரில் ஓ.டி.க்கு மட்டும் என்கிறார்கள். ஒன்றரை வருடமாக அவருக்கு மூச்சு இழுக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தால் நன்றாக இருக்கும், திங்கள் சாயங்காலம் திரும்ப ஆரம்பித்துவிடும். "படுத்தா மூச்சு முட்டுதுடி, செவுத்துல சாஞ்சு உக்காந்துதான் தூங்குறேன்" என்று சாப்பாட்டு நேரத்தில் சொன்னார். இ.எஸ்.ஐ.யில் இன்ஹேலர் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். என்ன வேலை செய்கிறீர்கள் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. ஊதுபத்தி ஏற்றாதீர்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பினார்கள். குளூட்டரால்டிஹைடு ஆஸ்துமாவைக் கொண்டுவரும் என்பது மருத்துவப் புத்தகத்தில் இருக்கிற விஷயம். நீங்கள் மருத்துவர், நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கருவிகளைக் கிருமி நீக்கும் சி.எஸ்.எஸ்.டி. பிரிவில் இருக்கிற எத்திலீன் ஆக்சைடு வாயு இதற்கு நேர்மாறு. அது மூக்குக்குத் தெரியும்போது பாதுகாப்பான அளவை நூறு மடங்குக்கு மேல் தாண்டியிருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994இலிருந்து அதை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருட்களின் முதல் வகுப்பில் வைத்திருக்கிறது. அங்கே கசிவைக் காட்டும் அலாரம் ஒன்று சுவரில் இருக்கிறது. அதன் விளக்கு எரிந்து நான் கடைசியாகப் பார்த்தது 2022இல்.

கீமோ டே-கேரில் பெட்பேன் எடுக்கிற ஆயாம்மாக்களுக்கு, மருந்து ஏற்றிய நோயாளியின் சிறுநீரில் இரண்டு நாள் வரை அந்த மருந்து இருக்கும் என்று இதுவரை யாரும் சொல்லவில்லை. கழிவறையில் ஆசிட் ஊற்றிய இடத்திலேயே பிளீச்சிங் கரைசலையும் ஊற்றி, குளோரின் வாயுவில் மூச்சுத் திணறி ஒரு ஹவுஸ்கீப்பிங் பெண் நம் கேஷுவால்டியிலேயே படுத்தார். அதற்குப் பிறகும் பயிற்சி நடக்கவில்லை. அவர் கையெழுத்து மட்டும் 'பயிற்சி பெற்றேன்' என்ற பதிவேட்டில் இருக்கிறது.

கடைசியாக ஒன்றைச் சொல்ல வேண்டும். போன வருடம் கிருஷ்ணகிரி பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண், ஏஜென்சி மூலம் ஓ.டி. உதவியாளராக இருந்தாள். கர்ப்பம் என்று தெரிந்தும் ஐந்தாம் மாதம் வரை யாரிடமும் சொல்லவில்லை. ஏப்ரனின் மேல் கவுனைத் தளர்த்திக் கட்டிக்கொண்டு நின்றாள். கர்ப்பத்தைத் தெரிவித்த பிறகு கருவுக்கு 1 மில்லிசீவர்ட்டுக்கு மேல் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று விதி இருக்கிறது. நல்ல விதி. ஆனால் தெரிவித்தால் அந்த மாதமே வேலை போய்விடும் என்றால் யார் தெரிவிப்பார்கள்? "அக்கா, வீட்டு வாடகை குடுக்கணும்க்கா" என்றாள். நான் அவளை வெளியே நிறுத்திவிட்டு அவள் வேலையையும் சேர்த்துச் செய்தேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான். மீதி உங்களால்தான் முடியும்.

எனவே நான் கேட்பது இவை.

அந்தச் சர்க்குலரை எழுத்து மூலம் திரும்பப் பெறுங்கள். அடுத்த காலாண்டுக்கான பேட்ஜ் பட்டியல் ஆய்வகத்துக்குப் போவதற்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. சி-ஆர்ம், கேத் லேப் (இதய ரத்தக்குழாய்ச் சோதனை), சி.டி. ஸ்கேன் அறைகளுக்குள் கால் வைக்கிற ஒவ்வொருவர் பெயரும், சம்பளம் யார் கொடுத்தாலும், அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும். பதினொரு பேருக்கும் இதுவரை பதிவான அளவுகளின் நகலை அவரவர் கையில் கொடுங்கள். கேட்கிற பணியாளருக்கும் வேலையை விட்டுப் போகிறவருக்கும் அளவுப் பதிவைத் தர வேண்டியது முதலாளியின் கடமை என்று 2004ஆம் ஆண்டுக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. கன்ட்ரோல் பேட்ஜ் இனிமேல் உங்கள் அலுவலகத்தில் இருக்கட்டும். பேட்ஜைக் கொக்கியில் தொங்கவிடுவதை முதலில் மருத்துவர்கள் நிறுத்த வேண்டும், அவர்கள் போட்டால் மற்றவர்கள் போடுவார்கள். அளவு ஏறியதற்காக யாருடைய வேலையும் போகாது என்று ஒரு வரி எழுதி அதே கதவில் ஒட்டுங்கள்.

விரிசல் விட்ட ஏப்ரனை நாளைக்கே தூக்கிப் போடுங்கள். அறையில் எத்தனை பேரோ அத்தனை ஏப்ரன், அத்தனை ஹேங்கர், வருடத்துக்கு ஒரு முறை சோதனை.

ஸ்கோப் அறையை இந்த மாதத்துக்குள் ஜன்னல் உள்ள இடத்துக்கு மாற்றி, ட்ரேயோடு உறிஞ்சி வையுங்கள். அதுவரை மூடியும் நைட்ரைல் கையுறையும் உடனே வேண்டும். அந்த அக்காவைச் சம்பளம் குறையாமல் வேறு வேலைக்கு மாற்றி, நுரையீரல் பரிசோதனை செய்து, அவர் என்ன வேலை செய்தார் என்பதை மருத்துவக் குறிப்பில் எழுதுங்கள். எத்திலீன் ஆக்சைடு அலாரத்தைச் சரிசெய்யும்வரை அந்த இயந்திரத்தை நிறுத்துங்கள். 2016ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகள் சொல்கிற வருடாந்திர உடல் பரிசோதனை, ஹெபடைடிஸ்-பி தடுப்பூசி, பயிற்சி மூன்றும் ஒப்பந்தப் பணியாளர்களுக்கும் வேண்டும். பயிற்சி தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் நடக்க வேண்டும். கர்ப்பத்தைத் தெரிவிக்கிற பெண்ணுக்கு, ஏஜென்சி ஊழியரானாலும், கதிர் இல்லாத இடத்தில் அதே சம்பளத்தில் வேலை உண்டு என்று ஏஜென்சி ஒப்பந்தத்திலேயே சேருங்கள்.

பட்டியல் போகிற நாளுக்குள் பதில் வராவிட்டால், விரிசல் படத்தையும் சர்க்குலர் நகலையும் இணைத்து, அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்கு என் பெயரிலேயே எழுதுவேன். மறைவாகச் செய்ய விருப்பமில்லாததால் உங்களுக்கு முன்கூட்டியே சொல்கிறேன்.

நாளை காலை எட்டரைக்கு இரண்டாம் எண் ஓ.டி.யில் இரண்டு தொடை எலும்பு கேஸ் இருக்கிறது. அந்த அண்ணன்தான் காலைப் பிடிப்பார். வாருங்கள் ஐயா, ஒரு கேஸ் முடியும்வரை எங்களோடு நின்று பாருங்கள்.

இப்படிக்கு,
ஓ.டி. டெக்னீஷியன் ஒருத்தி
பெங்களூரு